உப்புக் கணக்கு

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு உப்பு என்று
என் கைக்குத் தெரியும்.
இரண்டு பேருக்குத் தெரியாது.

பட்டாளத்தை விட்டு ருஸ்தாவிக்கு வந்த முதல் ஞாயிறு
லோபியோ வைத்தேன்.
சிவப்பு அவரைக்கொட்டை, கொத்தமல்லி, இடித்த வால்நட்.
வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் நிரம்பி
துணி ஊறவைக்கும் வாளியைக் கழுவ வேண்டியதாயிற்று.
சியாலா ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.
ஜன்னல் பக்கம் திரும்பி, "நல்லாயிருக்கு" என்றாள்.
இருபத்திரண்டு வருஷத்தில் எந்தச் சிப்பாயும்
என்னிடம் இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னதில்லை.

மிச்சத்தை மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
"உன் புருஷன் யாருக்காகக் காத்திருக்கிறான்?"
இரண்டாம் மாடி மக்வாலா கேட்டாளாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பெண்,
எந்த ஆயுதத்தில் பயிற்சி என்றாள்.
அகப்பை என்றேன்.
சிரிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டாள்.

பள்ளி உணவுக்கூடத்தில் பதினோரு நாள் இருந்தேன்.
ஆறு வயதுப் பயல் ஒருவன்
தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றான்.
வேண்டாம் என்று ஒரு சொல் இருப்பதே
எனக்கு மறந்திருந்தது.

அங்கே காலை நாலரைக்கு ஒரு சீட்டு வரும்.
பெயர் இருக்காது.
இன்று உண்போர், பக்கத்தில் ஓர் எண்.
விடுப்பில் போனால் குறையும்,
புதுப் பையன்கள் வந்தால் ஏறும்,
சீட்டு காரணம் சொல்லாது.
நானும் கேட்கமாட்டேன்.
கேட்டுக்கொண்டிருந்தால் ரொட்டி கருகிவிடும்.

ஒரு பிப்ரவரியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது.
மதியம் மலையிலிருந்து வண்டிகள் திரும்பின.
எல்லோரும் தின்று முடித்த பிறகு
மூன்று பேர் சாப்பாடு மிஞ்சியது.
யாருக்காவது வயிறு சரியில்லாமல் இருக்கும் என்று
மூடி வைத்தேன்.
ராத்திரி ஒரு தடவை சூடு பண்ணினேன்.
விடிகாலைச் சீட்டில் நானூற்று ஒன்பது.

அதைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.
அடுப்புப் பக்கம் நின்றபடியே
மூன்றையும் நானே தின்றேன்.

சியாலாவிடம் சீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்,
பிப்ரவரியைப் பற்றிச் சொன்னதில்லை.
அவள் நல்லதுதான் நினைத்தாள்.
மறுநாள் முதல் குளிர்பெட்டிக் கதவில்
மின்சாரக் கட்டண ரசீதின் பின்பக்கம்,
அவளுடைய சாய்ந்த கையெழுத்து:
இன்று, 2.

அது உதவியது. பொய் சொல்வானேன்.
ஆள் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்ததும்
கை தானாக அடங்கியது.
அண்டா போய்ச் சட்டி வந்தது,
சட்டி போய்ச் சின்னச் சட்டி.
மக்வாலாதான் குறைப்பட்டுக்கொண்டாள்,
இப்போதெல்லாம் ஒன்றும் வருவதில்லையே என்று.

போன வியாழன் எழுந்து வந்தபோது
வீடு அமைதியாயிருந்தது.
கதவில் சீட்டு.
இன்று, 1.

செருப்புப் போட்டேனா தெரியாது.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் நகரும்,
பைஜாமாவில் ஏது காசு.
ஒன்பது மாடியும் படிவழியே இறங்கினேன்.
ஏழாவதில் நாய் குரைத்தது.
நாலாவதில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள், நுக்ஸார், நுக்ஸார்,
நெருப்பா என்று கேட்டார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் இருந்தாள்.
பச்சைக் கோட்டு, மடியில் பை,
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு.
தங்கைக்குப் பல் பிடுங்குகிறார்கள்,
சாயங்காலம் வந்துவிடுவேன்,
நேற்றே சொன்னேனே என்றாள்.
சொல்லியிருப்பாள்.

அப்புறம் என் காலைப் பார்த்தாள்.
கையிலிருந்த அகப்பையைப் பார்த்தாள்.
"என்ன?"

எனக்கு மூச்சு வாங்கியது.
"உப்பு எங்கே வைத்தாய்?" என்றேன்.

"வைக்கிற இடத்தில்தான்" என்று சொல்லி
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.
பேருந்து வருகிற வரை
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்,
விதைத் தோலை என் உள்ளங்கையில்
துப்பிக்கொண்டிருந்தாள்.