மு. ஏழுமலை, இருவர்

காலை எட்டரை. வெளிநோயாளிக் கூடத்தில்
"ஏழுமலை" என்று கூப்பிட்டால்
ஒன்பது பேர் எழுந்து நிற்கிறார்கள்.
ரெண்டு மலை அதிகம், என்கிறார் நர்ஸ் பியூலா.

சி மொழியும் இப்படித்தான்.
கூரை ஒன்று, கூடம் ஒன்று, தடுப்பு கிடையாது.
ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால்
லிங்கர் கதவைச் சாத்திவிடும்.
அதனால் அங்கே எல்லோரும்
முன்னொட்டோடு திரிகிறார்கள், நம் இனிஷியல் போல:
அப்பாவின் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

புள்ளி போதவில்லை.
போன வியாழன், மு. ஏழுமலையின் சர்க்கரை மாத்திரை
மு. ஏழுமலைக்குப் போனது.
ஒருவர் மேல்மொணவூர். மற்றவர் கீழ்மொணவூர்.
ஊருக்கே முன்னொட்டு வைத்தவர்களுக்குத் தெரிந்தது
என் நிரலுக்குத் தெரியவில்லை.

சத்துவாச்சாரி மாடியில், கரண்ட் போன இரவில்,
லேப்டாப்பில் மிச்சமிருந்த நாற்பது சதவீதத்தோடு
திருத்த உட்கார்ந்தேன்.

ஜாவா முகவரியைத் தலைகீழாய் எழுதும்:
நாடு, ஊர், தெரு, கடைசியில்தான் ஆள்.
தபால்காரர் சிரிப்பார், கடிதம் தப்பாது.
சி பிளஸ் பிளஸ் பெயரோடு
அது கையேந்தி வாங்குவதையெல்லாம் சேர்த்துப் பிசைந்து
உருண்டை பிடிக்கும்.
பைத்தானில் ஒரு நட்சத்திரக் குறி போதும்,
பக்கத்துத் தெரு மொத்தமும்
செருப்போடு உள்ளே வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது காமன் லிஸ்ப்.
ஒரே சொல்லுக்குச் செயலாக ஒரு வீடு,
பொருளாக இன்னொரு வீடு.
ஆறு என்று எழுதினால்
எண்ணா, நதியா, சூடு தணியச் சொல்கிறேனா,
நிற்கும் இடம் சொல்லிவிடும்.
பாலாற்றுக்குத்தான்
எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லை.

வங்காளத்திலிருந்து வந்த சுதீப்தா மண்டல்
இனிஷியல் கட்டத்தில் கோடு போட்டிருந்தார்.
அவர்கள் பக்கம் குடும்பம் பெயருக்குப் பின்னால் வரும்.
கட்டாயக் கட்டம் அது. நான் வைத்தது.
மூன்று மணி நேரம் நின்றவரை
என் சிவப்பு எழுத்து
திருப்பி அனுப்பியிருக்கிறது.
முதலில் அதை அழித்தேன்.

பிறகு, ஆளுக்கொரு எண்.
எந்த இரண்டும் மோதாது. சோதித்துவிட்டேன்.

திங்கள் காலை.
திரையில் 40718 மினுங்குகிறது.
யாரும் அசையவில்லை.
மறுபடி மினுங்குகிறது.
பியூலா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
வாய்விட்டுக் கூப்பிடுகிறார்:
"கீழ்மொணவூரு ஏழுமலை!"

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுகிறார்,
சீட்டைத் தலைகீழாய்ப் பிடித்தபடி.
"இன்னாமா, நம்பரு போட்டுக்கிறோம்னாங்கோ?"