மூன்றாவது குடம்

தங்கச்சிமடத்தில் குழாய்த் தண்ணீர் வந்து
அன்றைக்கு ஆறாவது நாள்.
விலைக்கு வாங்கிய குடங்கள் மூன்று.
ஒன்று சோற்றுக்கு, ஒன்று குடிக்க,
மூன்றாவதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

ரீகன் படகில் போயிருந்தான். பிள்ளைகள் தூங்கியாயிற்று.
பின்பக்கக் கொட்டகையில்
சால்டரிங் அயர்னைச் செருகினேன்.
பகலெல்லாம் ஐஸ் கம்பெனியில்
படகுக்கு இத்தனை பார் என்று கணக்கெழுதுகிறவளுக்கு
இரவில் கொஞ்சம் சூடு வேண்டியிருக்கிறது.

செத்த எமர்ஜென்சி விளக்குகளைப் பிரித்து
பாட்டிலுக்குள் எரிகிற குட்டி விளக்குகள் செய்கிறேன்.
யாரும் கேட்டதில்லை, நானும் விற்பதில்லை.
ஏழு எரிகின்றன. நான்கு எரியவில்லை.

ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று
ஈயத்தை உருகவிடாது.
மூடினால் புகை நெஞ்சில் வந்து உட்காரும்.
பாதி திறந்து பழகிக்கொண்டேன்.
நைலான் நைட்டி ஆகாதென்று தெரிந்தது போன மாசியில்:
ஒரு துளி விழுந்து, துணி உருகி,
தொடையோடு ஒட்டப் பார்த்தது.
அதற்குப்பின் ரீகனின் பழைய பருத்திச் சட்டை,
முழுக்கை, பொத்தான் இரண்டு இல்லை.
கண்ணுக்கு மகனின் நீச்சல் கண்ணாடி.
சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
வயர் காலில் மாட்டியது,
அயர்ன் விளிம்புக்கு உருண்டது.
விழுகிற கரண்டியைப் பிடிக்கிற கை,
விழுகிற பிள்ளையைப் பிடிக்கிற கை
அதையும் பிடித்தது.
விழட்டும் என்று விட
இந்தக் கைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கத்தினேனாம்.
பக்கத்து வீட்டு ஜெரோசியா தட்டியை இடித்துக்கொண்டு வந்து
முதலில் பிளக்கைப் பிடுங்கினாள்.
இடுப்பில் டூத்பேஸ்ட், கையில் தோசைமாவு.
"ரெண்டுல எது?"
"ரெண்டும் வேணாம். தண்ணி."
"ஐஸ் இருக்கு, ஒங்க கம்பெனி ஐஸ்தான்."
அதுவும் வேண்டாம்.
பார் உடைக்கிற கருப்பையாவின் விரல்நுனி
எப்படி வெளுத்துக் கிடக்கும் என்று
சம்பளக் கையெழுத்தின்போது பார்க்கிறவள் நான்.
குளிரும் சுடும்.

ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டவேண்டுமென்று
ஆஸ்பத்திரிச் சுவரில் படித்திருக்கிறேன்.
எங்கள் ஊரில் தண்ணீர் ஓடுவது லாரியில்.
கூப்பிடு தூரத்தில் கடல்,
உப்பும் டீசலுமாக,
அவ்வளவு ஓட்டம் ஓடி ஒன்றுக்கும் உதவாமல்.

மூன்றாவது குடத்துக்குப் பெயர் கிடைத்தது.
கீழே கழுவித் துடைத்த சட்டி.
ஜெரோசியா செம்பில் மொண்டு ஊற்றினாள்,
குடம் தீர்ந்ததும் சட்டியிலிருந்தே மொண்டாள்.
"மோதிரத்தக் கழத்து, வீங்கிரும்."
பதினேழு வருஷமாக இறங்காத மோதிரம்
முட்டிவரை வந்து அடம்பிடித்தது.
சோப்புக்கு மசிந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் போதும் என்றேன்.
அவள் விடவில்லை.
சீட்டுப் பணம் போனது, கொழுந்தன் பேசிய பேச்சு,
அரிச்சல்முனைக்குத் தனியாகப் போய்
ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தது,
எல்லாம் சொன்னாள்.
கையை இழுக்க முடியாதவளிடம்
நிறையச் சொல்லலாம் போல.
மிச்சத் தண்ணீர் முருங்கைக்குப் போனது.

மறுநாள் இரண்டு கொப்புளம்.
ஊசியால் உடை என்று தெருவே வந்து பார்த்தது.
உடைக்கவில்லை. சுத்தமான துணி, தளர்வான கட்டு.
ஒரு வாரம் இடது கையால் எழுதிய கணக்கில்
ஐஸ் பார்கள் எல்லாம் சாய்ந்தே நின்றன.

இப்போது அயர்னுக்குத் தாங்கி இருக்கிறது,
பழைய ஸ்பிரிங்கை வளைத்துப் பலகையில் அறைந்தது.
வயர் மேசைக்காலோடு கட்டியாயிற்று.
மூலையில் மூடிய குடமொன்று,
மேலே சாக்பீஸால் 'கை' என்று எழுதி.
குடிக்கக் கேட்ட மகனைத் திருப்பியனுப்பினேன்.

ரீகன் கையைப் பார்த்தான். அப்புறம் விரலைப் பார்த்தான்.
கேட்கவில்லை.
மோதிரம் ஈயச் சுருள் டப்பாவில் கிடக்கிறது.
வீக்கம் வடிந்து ஒன்பது நாள்.
சூட்டு வேலைக்கு மோதிரம் ஆகாது
என்று சொல்லிக்கொள்கிறேன்.
அதுவும் உண்மைதான்.