அறுநூற்றுப் பன்னிரண்டு

குதாயிசியில் மழை பிடித்தால்
ரியோனி ஆறு எங்கள் கீழ்த்தளம்வரை வந்து முணுமுணுக்கும்.
இரவு இரண்டு மணி.
குழாயில் ஒட்டிய பெயர்: யோத்தம் சுபினிட்ஸே, ஐம்பத்தொன்று,
ரயில் பெட்டிகள் பழுது பார்ப்பவர்.
அமைலேஸ் அறுநூற்றுப் பன்னிரண்டு.
நூறைத் தாண்டினாலே கணையத்தைச் சந்தேகி என்பார்கள்.

மூன்று வருஷமாக இதே ஆள், இதே எண்,
பத்து கூடும், பத்து குறையும்.
மூன்று வருஷமாகக் கோப்பில் ஒரே கேள்வி
வேறுவேறு கையெழுத்தில்:
“குடிக்கிறாரா?”
அதன் கீழே, “இல்லை என்கிறார்.”
அந்த ‘என்கிறார்’ இருக்கிறதே,
அதற்குள் எத்தனை பேர் உட்கார்ந்து அவரையே பார்க்கிறார்கள்!

மகள் கல்யாணத்தில் கொம்புக் கிண்ணம் சுற்றி வந்தபோது
பேரிக்காய்ச் சோடாவை உயர்த்தினாராம்.
அண்ணன்காரன் பந்தியிலிருந்து எழுந்து போனானாம்.
வீட்டிலோ சியாலா
அவர் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரையும் முகர்ந்து பார்ப்பாளாம்.
எனக்கு இதெல்லாம் மாக்வாலா சொன்னது.
ரத்தம் எடுக்கிறவளிடம்
எல்லாரும் எதையாவது சொல்லிவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை வயிற்றைத் திறந்து பார்க்கப்போகிறார்கள்.

எனக்கு உறுத்தியது சிறுநீர்.
ரத்தத்தில் இத்தனை வெள்ளம்,
சிறுநீரில் வெறும் பதினெட்டு.
லைபேஸ் தன் பாட்டுக்குக் கிடக்கிறது.
அப்படியானால் ஊற்று பெருகவில்லை,
மடை அடைத்திருக்கிறது.

சீரத்தோடு சம அளவு பாலிஎத்திலீன் கிளைக்கால்.
பெரிய உருப்படிகளை அது அடியில் உட்கார்த்திவிடும்,
சின்னவை மேலே தெளிவில் நிற்கும்.
பக்கத்தில் இன்னொருவர் ரத்தம், சாட்சிக்கு.
சென்ட்ரிபியூஜ் ஓய்ந்ததும் மேல்தெளிவை அளந்தேன்.
இருபத்திரண்டு.
இரட்டித்தால் நாற்பத்து நான்கு.
மீதி அத்தனையும் அடியில்,
நகத்தால் சுரண்டலாம் போல ஒரு வெள்ளை.

மாவை வெட்டுவது தவிர வேறொன்றும் அறியாத நொதி.
அதை ஓர் எதிர்ப்பொருள்
பகை என்று பிடித்ததோ, ஆள் தெரியாமல் பிடித்ததோ,
பிடித்த பிடி விடவில்லை.
இரண்டும் சேர்ந்தால்
சிறுநீரகத்தின் சல்லடைக்கு அடங்காத பருமன்.
போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறது.
கருவிக்குத் தலை எண்ணத்தான் தெரியும்.
நேற்று எண்ணிய தலை என்று அதற்குத் தெரியாது.

நோய் இல்லை.

ஆனால் ‘பயப்படாதீர்கள்’ என்று சட்டென எழுத
எனக்குக் கை வராது.
போன பிப்ரவரியில் ஒரு பியானோ டீச்சர்,
கிரியேட்டின் கைனேஸில் இதே போலத் திரட்சி.
மாரடைப்பு இல்லை என்று மகிழ்ந்தோம், கேக்கூட வெட்டினோம் யாரோ பிறந்தநாள் என்று.
அது வேறு வகை.
யாரும் பிடிக்காமலே
மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வந்து தானே கூடித் திரண்டது.
குடலில் இருந்த புற்று எழுதிய முன்கடிதம்.
ஏப்ரல் பட்டியலில் அவர் பெயர் இல்லை.
அதனால் சுபினிட்ஸேயின் குழாயை
மறுபடி முதலிலிருந்து செய்தேன்.
மறுபடி இருபத்திரண்டு.

விடிந்ததும் மருத்துவர் லாமாராவை எழுப்பினேன்.
திட்டினார். பிறகு பேசாமல் கேட்டார்.
வியாழக்கிழமை ரத்தானது.

வெள்ளிக்கிழமை வந்தது அவர் இல்லை, சியாலா.
கோட்டு முழுக்க நனைந்திருந்தது.
கையில் தண்ணீர் பாட்டிலில் வீட்டுத் திராட்சை மது,
எனக்காம்.
அறிக்கையை இரண்டு முறை படித்தாள்.
“அப்போ கருவி பொய் சொன்னதா?”
“இல்லை, எண் சரிதான்.”
“அவர்?”
“அவரும் சரிதான்.”

வெகுநேரம் மூடியைத் திருகித் திருகி இறுக்கினாள்.
ஒரு நகல் கேட்டாள்.
அவரிடம் காலையிலேயே கொடுத்தாயிற்று என்றேன்.
“அவருக்கு இல்லை, எனக்கு.”

நகல் இயந்திரம் சூடாகக் கொஞ்சம் நேரமெடுக்கும்.
அதுவரை இருவரும்
மழையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.