சாப்பாட்டுப் பெட்டி

பதினொன்றுக்குப் பதினொன்று.
இன்னொருக்கால் எண்ணச் சொன்னார்கள்.
கைகள் மறுபடி உயர்ந்தன,
மணிக்கூடுகளோடும், கோயில் நூல்களோடும்.
பதினொன்றுக்குப் பதினொன்று.

எங்கள் வட்டாரத்து உறுப்பினர் மட்டும்
நடுநிலை என்றார்.
குளக்கட்டால் நடந்துபோய்
அவருக்குத்தான் நான் புள்ளடி போட்டேன்.
அந்தப் புள்ளடி இப்போது
யன்னலுக்கு வெளியே
வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தவிசாளரைச் சீட்டில்தான் எடுக்கவேணும் என்றார்
உதவி ஆணையாளர்.
சீட்டைப் போட ஓர் ஏனம் வேண்டும்.
கந்தோர் முழுக்கத் தேடினார்கள்:
திறப்புத் தொலைந்த அலுமாரி,
மூடியில்லாத தேத்தண்ணிக் கேத்தல்.
பவுசருக்குள் கிடந்த
என் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்தேன்,
கழுவித்தான்.
கழுவினாலும் கருவாட்டுச் சம்பல்
லேசில் விட்டுப்போகிற சாமான் இல்லை.

இரண்டு சீட்டு. மூடிக் குலுக்கினார்.
திறந்து, கண்ணை மூடி எடுத்தார்,
மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு.
குலவீரசிங்கம்.
வெளியே வெடி கொளுத்தினார்கள்.
பியோன் பஞ்சலிங்கம் வழக்கம்போல
மேசைக்குக் கீழே போய்
பேனை தேடினார்.

அடுத்த நாள் முதிரைமோட்டையில்
பீப்பாய்களுக்குத் தண்ணீர் இறக்கும்போது
புஸ்பகாந்தி அக்கா கேட்டா:
"விவசாயச் சங்கத்துக்கு நாங்கள்தான் தலைவரைத் தெரியிறம்.
கோயிலுக்கு நாங்கள்தான்.
மரணச் சங்கத்துக்கும் நாங்கள்தான்.
இதுக்கு மட்டும் ஏன்ரா
உன்ர சோத்துப்பெட்டி தெரியுது?"

நியாயம்தான்.
குழாயைப் பிடித்தபடி கணக்குப் பார்த்தேன்.
ஊர்சனம் நேரே தெரிவதென்றால்
சந்தியடியில் நாலாயிரம் வாக்கு,
பஸ் நிலையத்தைச் சுற்றி இன்னுமொரு மூவாயிரம்.
முதிரைமோட்டையில் அறுபத்திரண்டு,
அதிலும் இரண்டு பேர் கட்டாரில்.
அறுபதுக்காக ஆர்
யானைவேலி தாண்டி வந்து கும்பிடுவான்?

"அப்பிடியெண்டால் அக்கா,
தலைவராக நினைக்கிறவன்
இந்தக் கிரவலுக்கு வரவே மாட்டான்."
"இப்ப வாறானோ?"

தண்ணீர் விளிம்பைத் தாண்டி
புழுதியில் ஒரு கோடு கீறியது.
"காணும், நிப்பாட்டு" என்றா.
"நேரே தெரிஞ்சால்
ஆரைத் திட்டுறதெண்டாவது தெரிஞ்சிருக்கும்.
இப்ப தண்ணி பிந்தினால்
உன்னையல்லோ திட்டுறன்."

பாலைமர நிழலில் நிறுத்திப்
பெட்டியைத் திறந்தேன்.
மூடியின் ரப்பர் வளையத்துக்குள்
மடித்தபடி மற்றச் சீட்டு.
மரியதேவன். பாதிப் பெயரில் எண்ணெய்.
எடுத்த பிறகு போய்ச் சிக்கியதோ,
குலுக்கும்போதே சிக்கியதோ.
அப்போது ஆணையாளரின் விரலுக்கு
பெட்டிக்குள் இருந்தது
ஒன்றுதானோ.

சோற்றை உண்டு முடித்தேன்.
சீட்டை எறியவும் மனமில்லை.
டீசல் பற்றுச்சீட்டுகளோடு சேர்த்துச் செருகினேன்.

கைபேசி அடித்தது.
புதுத் தவிசாளருக்கு வரவேற்பாம்,
சந்தியடி மண்டபத்தில்,
சமையலுக்கு ஒரு பவுசர் தண்ணி, உடனே.
சரி என்றேன்.

ஒடுங்கிய கிரவல் வீதி.
இருபக்கமும் வாய்க்கால்.
பவுசரைத் திருப்புவதென்றால்
இன்னும் இரண்டு மைல்
முன்னுக்குத்தான் போகவேண்டும்,
அடுத்த பீப்பாய்கள்
வரிசையில் நிற்கிற இடத்துக்கு.