ஏழு மணி மருந்து

ஷ்ப்ரோதாஸ் என்றால் எங்கள் கடலில்
நெத்திலிக்குச் சித்தப்பன் முறையாகும் ஒரு மீன்.
கிளைப்பேதாத் துறைமுகத்தில், என் கிரேனுக்கு அடியில்,
காலி மீன்பெட்டிக்குள் கிடந்து கத்தியவனுக்கு
வேறென்ன பெயர் வைப்பது?

போன அக்டோபரில் சொறியத் தொடங்கினான்.
கழுத்தைச் சுற்றிக் கடுகு தூவியதுபோல் பொருக்கு.
வயிற்று மயிரை நக்கி நக்கியே மழித்துவிட்டான்,
உரித்த கோழிமாதிரி வெளிறிக் கிடந்தது.
ராத்திரி முழுக்க
சரக், சரக், சரக்,
கதவுக்கு வெளியே யாரோ உப்புத்தாள் தேய்ப்பதுபோல.

தெள்ளுப்பூச்சி இல்லை என்றார் டாக்டர் ஸ்கைஸ்தே,
சீப்பால் வாரி ஈரக் காகிதத்தில் தட்டிப் பார்த்துவிட்டு.
எட்டு வாரம் முயல்கறி மட்டும் கொடுத்தோம்,
இளைத்தது என் பணப்பைதான்.
பிறகு ஸ்டீராய்டு மாத்திரை.
ஒரே வாரத்தில் சொறி நின்றது. ஆனால் பயல்
தண்ணீர்க் கிண்ணத்தை வற்றடித்தான்,
ரொட்டி திருடினான், சோப்பைக் கடித்துப் பார்த்தான்.
ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது என்று
மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.
விடுப்பு முடிந்த மாலுமிமாதிரி
சொறி மூட்டையோடு திரும்பி வந்தது.

அப்படி எதுதான் இவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை?
"தூசாக இருக்கலாம், மகரந்தமாக இருக்கலாம்.
காவல்காரன் ரொம்ப விசுவாசி, வீகந்தாஸ்.
தபால்காரனையும் திருடன் என்று அடிக்கிறான்."
எழுதிக்கொண்டே சொன்னார்.

எழுதியது ஒரு சின்னக் குப்பி, ஊசியில்லாத சிரிஞ்சு.
சமையல் மேசையில் மூடியைத் திறந்தேன்.
வாடை வந்தது.
உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்த வாடை.
காலை ஏழு, மாலை ஏழு,
படலத்தைக் கிழித்ததும் மூக்கில் ஏறுகிற அதே வாடை.
என் வலது இடுப்புக்குள் யாருடையதோ ஒரு சிறுநீரகம்.
யார் என்று சொல்லமாட்டார்கள், ஊர்கூடச் சொல்லவில்லை.
அதை அந்நியம் என்று உடம்பு கண்டுபிடித்துவிடாமலிருக்க
நான் விழுங்குவதைத்தான்
இவனுக்கும் எழுதியிருக்கிறார்,
தூசியோடு சமாதானம் பேச.

போனில் கேட்டேன்: அப்படியானால் என்னுடையதிலேயே கொஞ்சம்...
"கூடவே கூடாது. உங்கள் அளவு வேறு, அவன் அளவு வேறு."
சிரிஞ்சில் இல்லாத ஊசி அவர் குரலில் இருந்தது.
அரை மில்லிகூட இல்லை அவனுக்கு.
பச்சை மீன் ஆகாது, பச்சைக் கறி ஆகாது,
எலி பிடிக்க வெளியே விடவே ஆகாது.
எனக்கும் இதே பட்டியல்தான்,
எலியை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை.

ஆக, ஷ்ப்ரோதாஸுக்கு இனி ஷ்ப்ரோதாஸ்
வேகவைத்துத்தான்.
ஜன்னலைச் சாத்தினேன். கடற்காகம் ஒன்று
விளிம்பில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போனது.

முதல் வாரம் வாந்தி.
என் வேலைச் சட்டையிலும் ஒருமுறை.
துண்டில் சுற்றி வாயோரம் பீச்சினால்
நுரை தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தான்,
சம்பளம் பிடித்த மேஸ்திரியைப் பார்ப்பதுபோல.
மீன் வெந்த தண்ணீரில் கலந்து வைத்தேன். குடித்தான்.
எனக்கும் அப்படி யாராவது கலந்து கொடுத்திருக்கலாம்.

ஐந்தாம் வாரம், ஒரு ராத்திரி
காரணமில்லாமல் விழித்துக்கொண்டேன்.
வீட்டில் எதுவோ குறைந்திருந்தது.
விளக்கைப் போட்டுத் தேடினேன்.
ரேடியேட்டர்மேல் நாலு காலையும் பரப்பித் தூங்குகிறான்.
குறைந்தது அந்தச் சத்தம்.

மார்ச்சில் வயிறு நிறையச் சாம்பல் பஞ்சு.
டாக்டர் விரலால் எதிர்த்துத் தடவிப் பார்த்தார்:
"இனி ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்."
எனக்கு அப்படி ஒருவரும் சொல்லப்போவதில்லை.
பொறாமை இல்லை.
சரி, கொஞ்சம்.

அவனுக்கு மருந்தில்லாத நாளிலும்
ஏழு மணிக்கு மேசைமேல் ஏறிவிடுகிறான்.
படலத்தைக் கிழிக்கிறேன். மூக்கைச் சுருக்குகிறான்.
நான் விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை
இறங்குவதில்லை.