சிவப்புப் பேனை

மூன்றாந் தவணை முடிய ஒரு நாள்.
களுவாஞ்சிகுடியில் விடியவே மழை.
கடைக்குள் ஈரச் செருப்போடு ஒரு பெடியன்,
யசோமலர் ரீச்சருக்கு ஏதும் குடுக்க வேணுமாம்.

பூப்போட்ட கோப்பையை எடுத்துக் காட்டினேன்.
அறுநூற்றைம்பது.
"அவவுக்கிட்ட பன்னிரண்டு கிடக்கு அக்கா."
கைக்குட்டை, மணிக்கூடு, கண்ணாடிக்குள் தாஜ்மகால்...
சட்டைப்பையில் நனைந்த நூறு ரூபாயை
ஒருக்கா தொட்டுப் பார்த்தான்.

"சிவப்புப் பேனை எவ்வளவு?"
நாற்பது.
"ரெண்டு தாங்க.
அவட மையெல்லாம்
என்ட கணக்குக் கொப்பியிலதான் முடிஞ்ச."

சிரிப்பை மறைக்கக் குனிந்து
சுற்றுகிற பேப்பர் தேடினேன்.
அதற்குக் காசு எடுக்கவில்லை.

எழுதுதா பார் என்று
பெட்டி மட்டை ஒன்றை நீட்ட
யோசித்தான்.
பிறகு மட்டை நிறைய
ஒரு சரி போட்டான்.

மிச்சக் காசோடு
மட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு
மழைக்குள் இறங்கினான்.