மூன்று மில்லி

கொள்ளிடம் கடலைத் தொடுவதற்கு
இரண்டு கல் முன்னால் இறங்கினேன்.
தோளில் ஐஸ் பெட்டி.
"நண்டா, இறாலா?" என்று கேட்டிருந்தார் கண்டக்டர்.
காலிப் பெட்டி என்றேன். லக்கேஜ் போட்டார்.

கொளஞ்சியம்மாவின் மார்புப் படத்தை
ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டேன்.
இடது நுரையீரல், மேல் மடல்,
நாவற்பழ அளவில் ஒரு வெள்ளை.
பீடி? இல்லை.
சுருட்டு? இல்லை.
வெற்றிலைகூடக் கல்யாணத்தன்றைக்குப் போட்டதோடு சரி.
"புகை: இல்லை" கட்டத்தில் டிக் அடித்தேன்.

பக்கம் திருப்பியபோதுதான் பவுனு சொன்னாள்:
"அம்மா எலி ஊதுமே சார்."

தாளடி அறுத்த வயல். வரப்பில் வளை.
அடியில் ஓட்டை போட்ட பானைக்குள்
வைக்கோல், எருமுட்டை, நெருப்பு.
பானை வாயை வளையில் பொருத்தி
ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும்.
எலிக்கு மூச்சு முட்டும்வரை
ஊதுகிறவளுக்கும் முட்டும்.
எலி சேர்த்து வைத்த நெல்தான் கூலி.
ஒரு போகத்துக்கு எத்தனை வளை இருக்கும்மா?
"எண்ணுனா எலி வராது" என்றாள்,
சிரித்து, சிரிப்பு இருமலாகி,
இருமியதை முந்தானையில் மடித்துக்கொண்டு.

அவள் அப்பாவும் இப்படித்தான் இருமினார்.
அப்பாவின் அக்காளும்.
டிபி என்றார்கள். மாத்திரை தின்றார்கள்.
மாத்திரை தீரும் முன்னே போனார்கள்.
இரண்டு பேரும் எலி ஊதியவர்கள்தான்.
ஊதிய எல்லோரும் அப்படிப் போகவில்லை என்பதால்தான்
நான் வந்திருக்கிறேன்.

தாளில் பானைக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் சாய்வாக எழுதினேன்.

அடுத்த கட்டம்: இனம்.
இருளர் என்று எழுதும்போது
தம்பி மாயவன் எட்டிப் பார்த்தான்.
"என்னா சார் எழுதுறீங்க?"
வாசித்துக் காட்டினேன்.
"சான்று கேக்கலியா?"
"கேக்கலை."
"சும்மா எழுதிட்டீங்களா?"

அவன் மகள் பன்னிரண்டாவது முடித்து
நர்சிங்குக்கு மனுப் போட்டவள்.
கோட்டாட்சியர் ஆபீசில் கேட்டார்களாம்,
இருளர்னா பாம்பு பிடி பாக்கலாம்.
அவளுக்குப் பாம்பென்றால் பயம்.
மூன்று மனு, நாலு வருஷம்.
இப்போது கம்பெனியில் இறாலுக்குத் தலை கிள்ளுகிறாள்.
"அங்க போனா நாங்க இருளர் இல்ல.
ஒங்க ஊசிக்கு மட்டும் இருளரா?"

அவன் கையில் நரம்பு இரண்டு முறை தவறியது.
பதினோரு வருஷத்தில்
எனக்கு அப்படித் தவறியதில்லை.

ஆறு பேர். தலைக்கு மூன்று மில்லி.
தஞ்சாவூர் போவதற்குள் ஐஸ் பாதி கரைந்து
குழாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வந்தன.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை.
ஏழாம் குரோமோசோமில் ஓர் எழுத்து
அம்மாவிடமும் பவுனுவிடமும் மாறியிருக்கிறது.
மாயவனிடம் மாறவில்லை.
கீழே பொடி எழுத்தில்:
"பொருள் உறுதியாகவில்லை.
ஒப்பிட இம்மக்களின் பதிவுகள் போதவில்லை."

திரும்பவும் அதே பஸ். பெட்டி இல்லை.
கொளஞ்சியம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்,
தூக்கத்திலும் உதடு குவிந்து.
பவுனு கேட்டாள்:
"நான் ஊதாம இருந்தா போதுமா சார்?"

ஊதாதே என்றேன்.
வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொள் என்றேன்.
போதுமா என்பதற்கு
என்னிடம் இருந்தது அந்தப் பொடி எழுத்துதான்.

மாயவன் அறிக்கையை வாங்கி
முதல் பக்கத்தோடு நின்றுவிட்டான்.
பெயர். வயது. இனம்.
அதன்மேல் பாதி ஏறிய ஆஸ்பத்திரி முத்திரை.
"இத ஒரு காப்பி எடுத்துக்கிறேன் சார்,
நாலாவது மனுவுக்கு."

இது செல்லாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
சீர்காழி வரை கூடவே வந்தான்.
ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளை மூன்று ரூபாய்,
கலர் இருபது.

கலர் போடுங்க என்றான்.
முத்திரை ஊதாவாகவே வர வேண்டுமாம்.